சுருங்கத் தெரிந்த கேமரா

யூஜீன் அட்ஜே எடுத்த பழைய பாரிஸ் நகரப் படங்கள் சிலவற்றில் மேல் மூலைகள் இரண்டும் கறுத்துப்போய், காட்சியின் தலைப்பகுதி கமான் வடிவில் வளைந்திருக்கும். அழகுக்காகச் செய்த வேலை அல்ல அது. 18×24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு போடும் மரக் கேமராவைச் சுமந்துகொண்டு குறுகலான தெருக்களில் நின்ற அட்ஜே, கட்டடத்தின் உச்சியைப் படத்துக்குள் கொண்டுவர லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினார். ஓர் அளவுக்கு மேல் போனதும் லென்ஸிலிருந்து வந்த வெளிச்சம் தகட்டின் மூலைகளை எட்டவில்லை. எட்டாத இடம் பிரிண்ட்டில் கறுப்பாகப் பதிந்தது. மூலைகள் போனாலும் சுவர்கள் நேராக நின்றன.

அட்ஜே 1927-ல் மறைந்துவிட்டார். வியூ கேமரா வாங்கக் கிளம்பும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள் இன்றும் அந்தக் கறுத்த மூலைகளில்தான் இருக்கின்றன. லென்ஸ் எவ்வளவு தூரம் நகரும்? அதன் வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும்? கைக்கு அடக்கமான மீடியம் ஃபார்மட் வியூ கேமராவில் அகன்ற காட்சிகளை எடுக்க விரும்புகிறவருக்கு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது: கேமரா எவ்வளவு தூரம் சுருங்கும்? விளம்பரங்களும் விவரப் பட்டியல்களும் கேமரா எவ்வளவு நீளும் என்பதைத்தான் பெரிய எழுத்தில் போடும். வைடு ஆங்கிள் எடுப்பவர் தேட வேண்டிய எண் அதற்கு நேர் எதிர்முனையில் இருக்கிறது.

இரண்டு சட்டங்கள், நடுவே துருத்தி

பழைய ஸ்டுடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் படம் எடுத்த கேமராவைப் பார்த்தவர்களுக்கு வியூ கேமராவின் அமைப்பு புதிதல்ல. முன்னால் ஒரு சட்டம், அதில் லென்ஸ். பின்னால் ஒரு சட்டம். அதில் சொரசொரப்பாக்கிய கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஆர்மோனியத்தில் இருப்பதுபோல் மடிப்பு மடிப்பான துருத்தி. கண்ணாடியில் காட்சி தலைகீழாக விழும். ஃபோகஸ் சரிபார்த்த பிறகு, கண்ணாடி இருந்த இடத்தில் ஃபிலிம் ஹோல்டரைப் பொருத்திப் படம் எடுக்க வேண்டும்.

மற்ற கேமராக்களில் லென்ஸும் ஃபிலிமும் ஒன்றுக்கொன்று நேராக இறுகிக் கிடக்கும். இங்கே இரண்டு சட்டங்களும் தனித்தனியாக நகரும். லென்ஸை மேலே தூக்கினால் ரைஸ், பக்கவாட்டில் தள்ளினால் ஷிஃப்ட், முன்னோ பின்னோ சாய்த்தால் டில்ட், கதவைத் திறப்பதுபோல் திருப்பினால் ஸ்விங். கட்டடமும் தெருவும் உட்புறக் கூடங்களும் எடுப்பவர்களுக்கு இவற்றில் தினமும் கைகொடுப்பது ரைஸ்தான்.

உயரமான கட்டடத்தை எடுக்கச் சாதாரண கேமராவை அண்ணாந்து பிடிக்கிறோம். கேமராவோடு ஃபிலிமும் சாய்ந்துவிடுகிறது. அதனால் சுவர்களின் நேர்க்கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடமே பின்னால் விழுவதுபோல் தோன்றுகிறது. கேமராவை மட்டமாக வைத்தால் கோடுகள் நேராகிவிடும். ஆனால் உச்சி படத்துக்கு வெளியே போய்விடும். ஃபிலிமை நேராக நிற்கவிட்டு, லென்ஸை மட்டும் தூக்குவதுதான் இரண்டுக்கும் சேர்த்து வழி.

கணக்காகப் பார்த்தால் இதன் பலன் நன்றாகப் புரியும். 30 மீட்டர் தள்ளி ஒரு கட்டடம். 6×9 எனப்படும் மீடியம் ஃபார்மட் ஃபிலிமைக் கிடைமட்டமாக வைத்து, 65 மி.மீ. லென்ஸ் மாட்டி, கேமராவைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மட்டமாக நிறுத்தினால், கட்டடத்தில் சுமார் 14 மீட்டர் உயரம் வரைதான் படத்தில் விழும். படத்தின் கீழ்ப்பாதியில் பெரும்பகுதியைத் தெரு பிடித்துக்கொள்ளும். லென்ஸை 20 மி.மீ., அதாவது ஒரு விரல் அகலத்துக்குச் சற்று மேல் தூக்கினால் போதும். பார்வை 9 மீட்டர் மேலேறி, 23 மீட்டருக்குச் சற்று மேல் வரை உள்ள பகுதியும் உள்ளே வந்துவிடும். ஏறிய அளவுக்குத் தெருவும் குறையும். நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகர வேண்டியதில்லை.

ஏன் 120 ஃபிலிம்?

பெரிய கேமராவால் கட்டடங்களைப் பதிவு செய்யும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு வெகு முன்பே வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் எடுத்தார். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்டுகளை ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளும் சுருளாக்கினார். அன்று நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவது நடைமுறையில் இல்லை. பிரிண்ட் எந்த அளவோ நெகட்டிவும் அதே அளவு. அதனால் ஓர் அடிக்கும் மேல் அகலமான காகித நெகட்டிவுகளையும் அவற்றுக்கு ஏற்ற கேமராவையும் டிரைப் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பெரிதாக்கும் கருவி வந்தபின் நெகட்டிவ் சிறுத்தது, கேமராவும் சிறுத்தது. 1901-ல் கோடாக் தன் நம்பர் 2 பிரௌனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்த 120 ரோல் ஃபிலிம் இன்றும் தயாராகிறது. மீடியம் ஃபார்மட் வியூ கேமராக்களில் பெரும்பாலும் ஓடுவது இதுதான். 6×9 என்று அழைக்கப்படும் அளவில் ஒரு ரோலுக்கு 8 படம், 6×7-ல் 10 படம். 6×9-ன் உண்மையான அளவு ஏறத்தாழ 56×84 மி.மீ. 35 மி.மீ. ஃபிலிமைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் பரப்பு.

இதற்கு அடுத்த பெரிய அளவான 4×5 அங்குல ஷீட் ஃபிலிமை ஒவ்வொன்றாக முழு இருட்டில் ஹோல்டரில் ஏற்ற வேண்டும். தூசி படியாமல் பார்க்க வேண்டும். 120 ரோலை மர நிழலில் நின்றே மாற்றிக்கொள்ளலாம். மலையேறி நிலக்காட்சி எடுப்பவரோ, பகல் முழுக்க நகரத்தில் நடந்து கட்டடம் எடுப்பவரோ 6×9-ஐத் தேர்ந்தெடுக்க இந்த வசதி ஒன்றே போதுமான காரணம். 4×5 கேமராவில் ரோல் ஃபிலிம் ஹோல்டரை மாட்டி இரண்டுக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நடுத்தர லென்ஸ்களுக்கு அது நன்றாகவே ஒத்துவரும். வைடு ஆங்கிள் என்று வரும்போதுதான் சிக்கல்.

ஐந்து சென்டிமீட்டர் நெருக்கடி

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடி ஒன்று மேலும் கீழும் ஆடும். அதற்கு இடம் விட்டு, தள்ளி நின்றே வேலை செய்யும்படி அதன் வைடு ஆங்கிள் லென்ஸ்களை வடிவமைக்கிறார்கள். வியூ கேமராவில் ஆடும் கண்ணாடி கிடையாது. எனவே அதற்கான வைடு லென்ஸ்கள் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே மாதிரியான சமச்சீர் வடிவில் அமைந்தன. சோவியத் நாட்டின் மிகயில் ருசினோவும், ஜெர்மானியரான லுட்விக் பெர்ட்டெலேயும் 1940-களிலும் 50-களிலும் இந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தினார்கள். விமானத்திலிருந்து நிலத்தை அளக்கும் படங்களுக்கும் இதே வகை லென்ஸ்கள் பயன்பட்டன. நேர்க்கோட்டை அவை வளைப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நேராகக் காட்டும்.

அந்த நேர்த்திக்கு விலை உண்டு. சமச்சீர் லென்ஸ் தன் குவியத் தூரத்தை ஒட்டிய தூரத்தில் ஃபிலிமின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 47 மி.மீ. லென்ஸ் மாட்டினால், தூரக் காட்சிக்கு ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் பலகைக்கும் ஃபிலிமுக்கும் இடையே 5 முதல் 6 சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்த இடுக்குக்குள் முன் சட்டத்தின் பருமன், பின் சட்டத்தின் பருமன், துருத்தியின் அத்தனை மடிப்புகள் எல்லாம் அடங்கியாக வேண்டும்.

பல கேமராக்களில் அடங்காது. சட்டங்கள் ஒன்றோடொன்று முட்டி, லென்ஸ் இருக்க வேண்டிய இடத்துக்கு வராமலே நின்றுவிடும். தூரத்து மலை தெளிவாகவே விழாது. சிலவற்றில் லென்ஸ் வந்து சேரும். ஆனால் நெருக்கிப் பிடித்த துருத்தி விறைத்துப்போய், ரைஸ் கொடுக்கத் தூக்கினால் சட்டத்தைத் திரும்பக் கீழே இழுக்கும். 4×5-க்காகச் செய்த கேமராக்கள் பலவற்றில் குறுகிய லென்ஸ் மாட்டும்போது நடப்பது இதுதான்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, மடிப்பே இல்லாத மெல்லிய தோலாலோ துணியாலோ ஆன பைத் துருத்தி. தொளதொளவென்று இருப்பதால் சட்டங்கள் எவ்வளவு நெருங்கினாலும் லென்ஸ் எல்லாப் பக்கமும் தடையில்லாமல் நகரும். துருத்தியைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள கேமராவில் மட்டுமே இது சாத்தியம். இன்னொன்று, உட்குழிந்த லென்ஸ் பலகை. சட்டம் முன்னாலேயே நிற்க, லென்ஸ் மட்டும் ஒரு கிண்ணத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் மாற்றும் நெம்புகோல்களும் அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். குளிர்காலக் காலையில் விறைத்த விரல்களால் அவற்றைத் தேடித் திருகுவது பொறுமையைச் சோதிக்கும். தட்டையான பலகையிலேயே குறுகிய லென்ஸை ஏற்கும் கேமரா கிடைத்தால் அதற்குத்தான் முதலிடம்.

முதலில் லென்ஸ்

அனுபவம் உள்ளவர்கள் கேமராவுக்கு முன்னால் லென்ஸைத் தீர்மானிக்கிறார்கள். 6×9-ன் நீள அகல விகிதம் 35 மி.மீ. ஃபிலிமோடு ஒத்துப்போவதால் கணக்குப் போடுவது எளிது. 90 மி.மீ. லென்ஸ் 35 மி.மீ. கேமராவின் 38 மி.மீ. லென்ஸ் போலப் பார்க்கும். 65 மி.மீ. லென்ஸ் 28-ஐப் போல. இன்றைய கைப்பேசிகளின் முதன்மைக் கேமரா பார்ப்பதைவிடச் சற்றே குறுகலான காட்சி. 47 மி.மீ. என்றால் 20-ஐப் போல. இன்னும் அகலம் வேண்டுவோருக்கு ரோடன்ஸ்டாக்கின் 35 மி.மீ. அப்போ-கிராண்டகன் வரை உண்டு. நகரத் தெருவுக்கும் நிலக்காட்சிக்கும் 65 மி.மீ. பொதுவாகப் போதும். நெருக்கமான உட்புறங்களுக்கு 47 தேவைப்படும்.

அடுத்தது பிம்ப வட்டம். லென்ஸ் ஃபிலிமின் மேல் வட்டமாகத்தான் வெளிச்சத்தை வீசும். 6×9 சட்டகத்தின் மூலைக்கு மூலை அளவு 101 மி.மீ. வட்டத்தின் விட்டம் அதைவிட எவ்வளவுக்கு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அவ்வளவு லென்ஸை நகர்த்த இடம் கிடைக்கும். ஷ்னைடர் நிறுவனத்தின் இரண்டு லென்ஸ்களை அருகருகே வைத்தால் இது விளங்கும். பழைய 47 மி.மீ. சூப்பர்-ஆங்குலன் எஃப் 5.6 தரும் வட்டம் 123 மி.மீ.; கிடைமட்டப் படத்தில் 17 மி.மீ. அளவுக்கு ரைஸ் கிடைக்கும். அதே 47 மி.மீ.-ல் பின்னாளில் வந்த எக்ஸ்.எல். வகையின் வட்டம் 166 மி.மீ.; ரைஸ் 43 மி.மீ. வரை போகும். குவியத் தூரமும் அப்பர்ச்சரும் ஒன்றுதான். நகரும் சுதந்திரமோ இரண்டரை மடங்கு. ஆனால் எக்ஸ்.எல். பருமனானது, விலையும் கூடுதல். ரோடன்ஸ்டாக்கின் 65 மி.மீ. கிராண்டகன்-என் எஃப் 4.5-ன் வட்டம் 170 மி.மீ. 6×9-க்கு அது தாராளம்.

வட்டம் பெரிதாக இருந்தாலும் வெளிச்சம் எங்கும் சீராக விழுவதில்லை. சாய்ந்து வரும் கதிர் நேரே வரும் கதிரைவிட நீண்ட தூரம் போகிறது, பரந்த இடத்தில் சிதறுகிறது. கோணத்தின் கோசைனை நான்கு முறை பெருக்கினால் வரும் பின்னமே ஓரத்து வெளிச்சம் என்பது ஒளியியலில் பழைய கணக்கு. அதன்படி 47 மி.மீ. லென்ஸில் 6×9 சட்டகத்தின் மூலைக்கு, நடுவில் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போய்ச்சேர வேண்டும். அதாவது இரண்டு ஸ்டாப்புக்கு மேல் குறைவு. லென்ஸ் வடிவமைப்பாளர்கள் இதைக் கொஞ்சம் சரிக்கட்டுகிறார்கள். மீதியைச் சரிசெய்ய நடுவில் கருமையும் ஓரம் போகப் போகத் தெளிவுமாக இருக்கும் சென்டர் ஃபில்டர் என்ற கண்ணாடி விற்கிறது. அதை மாட்டினால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், விலையும் அதிகம். ஸ்லைடு ஃபிலிம் ஓட்டுபவர்களுக்கு அது அவசியமாகலாம். கறுப்பு வெள்ளையோ கலர் நெகட்டிவோ எடுப்பவர் பிரிண்ட் போடும்போதோ ஸ்கேன் செய்தபிறகோ மூலைகளை வெளுக்கவைத்துக்கொள்ளலாம்.

பார்க்கும் வசதியும் லென்ஸைப் பொறுத்ததுதான். 65 மி.மீ. லென்ஸ்களில் எஃப் 8 வகை சிறியது, இலகுவானது, நடைபயணத்துக்கு ஏற்றது. எஃப் 4.5 வகையோ சொரசொரக் கண்ணாடியில் மூன்று மடங்கு வெளிச்சம் தரும். வெளிச்சமான மலைச்சரிவில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இருண்ட மண்டபத்துக்குள் நின்று மூலையில் ஃபோகஸ் தேடும்போது மிக நன்றாகத் தெரியும்.

ஐந்து வகை உடல்கள்

6×9-க்கான சிறிய வியூ கேமராக்களை ஐந்து குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் சுருங்கும் விதம் வேறு.

முதலாவது, பழைய பத்திரிகைக்காரர் கேமரா. அமெரிக்காவின் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் 1949 முதல் 1970 வரை செய்த செஞ்சுரி கிராஃபிக் நல்ல உதாரணம். வார்ப்புப் பிளாஸ்டிக் உடல், முன்பக்கம் திறந்து மடியும் படுக்கை, சின்னப் பெட்டியாக மூடிக்கொள்ளும். அதே நிறுவனத்தின் சிறிய ஸ்பீடு கிராஃபிக்கில் ஃபிலிமுக்கு முன்னால் திரை ஷட்டர் ஒன்று இருப்பதால் உடல் தடித்துவிட்டது. குறுகிய லென்ஸ் மாட்ட அந்தத் தடிமன் இடைஞ்சல். செஞ்சுரியில் அந்த ஷட்டர் கிடையாது. படுக்கையைக் கீழே இறக்கிவிட்டால் அதன் விளிம்பு அகன்ற காட்சிக்குள் தலைநீட்டாது. ஆனால் ரைஸும் டில்டும் மிகக் குறைவு. சிறிய செலவில் 65 மி.மீ. லென்ஸோடு பழகிப் பார்க்க விரும்புபவருக்கு ஏற்றது.

இரண்டாவது, உலோகத்தால் ஆன மடிப்புக் கேமராக்கள். ஜப்பானின் ஹார்ஸ்மன் வி.ஹெச். வகைகளும், மியூனிக்கின் லின்ஹாஃப் செய்த டெக்னிகா 6×9 வகைகளும் இதில் சேரும். உறுதியானவை, நுட்பமானவை, ஹார்ஸ்மன் வி.ஹெச்.-ஆர், லின்ஹாஃப் டெக்னிகா போன்றவற்றில் ரேஞ்ச்ஃபைண்டரும் இருப்பதால் கையில் பிடித்தும் எடுக்கலாம். நீண்ட லென்ஸுக்கும் நடுத்தர லென்ஸுக்கும் இவற்றில் குறை சொல்ல முடியாது. குறுகிய லென்ஸ் மாட்டினால் முன் சட்டம் பெட்டிக்குள்ளேயே உட்கார வேண்டிவருகிறது. அங்கே தூக்கினால் பெட்டியின் கூரை தடுக்கும். ஹார்ஸ்மனில் 65 மி.மீ.-க்குக் கீழே போக நினைப்பவர் வேறு கேமரா பார்ப்பது நல்லது.

மூன்றாவது, ஒற்றைத் தண்டவாளத்தில் நகரும் மோனோரயில் வகை. ஆர்கா-சுவிஸ் எஃப் வரிசையின் 6×9 கேமராவும், லின்ஹாஃப் டெக்னிகார்டன் 23-ம் இதில் முன்னணியில் நிற்பவை. பெட்டி என்று எதுவும் கிடையாது. தண்டின் மேல் இரண்டு சட்டங்கள் மட்டும். துருத்தியைக் கழற்றிப் பைத் துருத்தி போடலாம். 47 மி.மீ. லென்ஸோடும் முழு ரைஸ் கிடைக்கும். ஆர்காவில் பின் சட்டத்தையும் துருத்தியையும் மாற்றினால் அதே கேமரா 4×5 ஆகிவிடும் என்பது கூடுதல் லாபம். டெக்னிகார்டனின் தண்டு உள்ளுக்குள் நுழைந்து சுருங்க, சட்டங்கள் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இந்த வகையில் ஒரு கவனம் தேவை: இரண்டு சட்டங்களையும் தண்டின் முன்முனைக்குக் கொண்டுவந்து வைக்காவிட்டால், தண்டின் நுனியே படத்தின் அடியில் வந்து விழும்.

நான்காவது, மடங்காத மரக் கேமரா. டோக்கியோவில் ஹிரோமி சகனாஷி தொடங்கிய எபொனி நிறுவனம், வைடு ஆங்கிளையே முதல் வேலையாக வைத்து எஸ்.டபிள்யூ. வரிசையைச் செய்தது, அதில் 6×9-க்கானது எஸ்.டபிள்யூ. 23. கருங்காலியோ மஹோகனியோ மரம், டைட்டானியம் உலோகப் பாகங்கள். மடியாததால் விரித்து நிமிர்த்தும் வேலை இல்லை. குறுகிய லென்ஸ் மாட்டியபடியே பையில் வைத்து, எடுத்தவுடன் முக்காலியில் ஏற்றலாம். மேகம் விலகி வெயில் சில நிமிடங்களே விழும் மலைப்பகுதிகளில் இந்த வேகம் பெரிய வசதி. நிறுவனம் 2016-ல் மூடப்பட்டுவிட்டது. பழைய கேமராக்கள்தான் கைமாறுகின்றன.

ஐந்தாவது, துருத்தியே இல்லாதவை. நெதர்லாந்தின் கேம்போ, சுவிட்சர்லாந்தின் ஆல்பா ஆகியவை செய்யும் தட்டையான உலோக உடல்களில், லென்ஸ் தனக்கென்று ஒரு திருகு வளையத்தோடு வரும். ஃபோகஸ் அந்த வளையத்தில். ரைஸும் ஷிஃப்ட்டும் நகரும் தகட்டில். 1980-களில் வந்த பிளாவ்பெல் 69டபிள்யூ புரோஷிஃப்ட்டில் 47 மி.மீ. சூப்பர்-ஆங்குலன் நிரந்தரமாகவே பொருத்தப்பட்டிருந்தது; மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். லென்ஸும் ஃபிலிமும் இணையாக நிற்பதில் இவற்றை மிஞ்ச முடியாது. டில்ட் பலவற்றில் இல்லை. இருப்பவற்றிலும் சில டிகிரிதான்.

இரண்டரை டிகிரி

டில்ட் இல்லை என்றால் அது வியூ கேமராவா என்று கேட்கத் தோன்றும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் 1904-ல் பெற்ற பிரிட்டிஷ் காப்புரிமையோடு பெயர் ஒட்டிக்கொண்ட விதி இங்கேதான் வருகிறது. வானிலிருந்து எடுத்த சாய்வான படங்களை வரைபடத்துக்கு ஏற்ப நிமிர்த்துவதற்காக அவர் ஆராய்ந்த விதி அது. ஃபிலிமின் தளமும் லென்ஸின் தளமும் எந்தக் கோட்டில் வெட்டிக்கொள்கின்றனவோ, தெளிவாக விழும் தளமும் அதே கோட்டின் வழியாகத்தான் போகும். லென்ஸை முன்னால் சாய்த்தால் காலடிக் கூழாங்கல்லிலிருந்து தொடுவானம் வரை தரை முழுவதையும் தெளிவாக்கலாம் என்பது இதன் பலன்.

எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதில்தான் வைடு ஆங்கிளின் தனிக்குணம் இருக்கிறது. கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்க, 65 மி.மீ. லென்ஸுக்குத் தேவைப்படும் டில்ட் வெறும் இரண்டரை டிகிரி. 47-க்கு இரண்டு டிகிரிகூட வேண்டாம். பல சமயம் அதுவும் தேவைப்படாது. 65 மி.மீ. லென்ஸை எஃப் 22-க்குச் சுருக்கி ஏறத்தாழ நான்கு மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே, சாதாரண அளவு பிரிண்ட்டில் இரண்டு மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவாக இருக்கும்.

வேண்டுமென்று செய்யும் டில்ட் இவ்வளவு சிறியது என்றால், வேண்டாமல் வந்துவிடும் டில்ட்டும் அதே அளவுக்குப் படத்தைக் கெடுக்கும். முன் சட்டம் கவனிக்காமல் ஒரே ஒரு டிகிரி முன்னால் சாய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 47 மி.மீ. லென்ஸில் தெளிவுத் தளம் செங்குத்தாக நிற்பதை விட்டு, லென்ஸுக்கு 2.7 மீட்டர் கீழே உள்ள கோட்டிலிருந்து சரிந்து எழும். கட்டடத்தின் அடி தெளிவாகவும் உச்சி கலங்கியும் விழ இது போதும். 150 மி.மீ. லென்ஸில் அதே பிசகு நேர்ந்தால் அந்தக் கோடு எட்டரை மீட்டர் கீழே போய்விடும், கெடுதல் குறைவு. எனவே 30 டிகிரி டில்ட் உண்டு என்ற விளம்பரத்தால் வைடு ஆங்கிள்காரருக்குப் பயனில்லை. பூஜ்ஜியத்தில் சட்டம் சொடுக்கென்று பிடித்து நிற்கிறதா, இறுக்கும்போது நகராமல் இறுகுகிறதா, அரை டிகிரியை நிதானமாகக் கொடுக்க முடிகிறதா என்பவையே அவர் பார்க்க வேண்டியவை.

டிஜிட்டல் பக்கம்

ஃபிலிமுக்குப் பதில் டிஜிட்டல் பேக் மாட்டினால் இந்தக் கண்டிப்பு இன்னும் கூடும். 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்குக்கும் குறைவு. ஃபிலிமில் மன்னிக்கப்பட்ட பிசகு அதில் அப்படியே தெரியும். மேலும் சமச்சீர் லென்ஸிலிருந்து மிகச் சாய்வாக வரும் கதிர்களைச் சென்சார் ஒழுங்காக ஏற்பதில்லை. ஓரங்களில் பச்சையாகவும் ஊதாவாகவும் நிறம் படியும். ஒவ்வொரு முறையும் லென்ஸின் முன் வெள்ளைத் தகட்டைப் பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து மென்பொருளில் நிறத்தைச் சரிசெய்கிறார்கள். டிஜிட்டலுக்கென்றே பின்னாளில் வந்த லென்ஸ்கள் ஃபிலிம் கால லென்ஸ்களைவிடச் சற்றுத் தள்ளி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பழைய லென்ஸை வாங்கி டிஜிட்டலில் போட நினைப்பவர் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

2023-ல் ஃபியூஜிஃபிலிம் தன் ஜி.எஃப்.எக்ஸ். கேமராக்களுக்காக 30 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் ஒன்றை அறிவித்தது. 15 மி.மீ. வரை நகர்த்தலாம், துருத்தியும் தண்டும் கறுப்புத் துணியும் தேவையில்லை. கட்டடப் படம் தொழிலாக எடுப்பவர் பலருக்கு இது போதும். கணினியில் கோடுகளை நிமிர்த்துவதும் இன்னொரு வழி; ஆனால் மேற்பகுதியை இழுத்து நீட்டுவதால் அங்கே விவரம் நீர்த்துப்போகும், ஓரங்களை வெட்ட வேண்டியும் வரும். பெரிய நெகட்டிவில் எடுக்கும் இடத்திலேயே எல்லாவற்றையும் நேராக்கிப் பதிவு செய்ய விரும்புபவர்களுக்குத்தான் 6×9 வியூ கேமரா.

வாங்கும்போது

இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை இன்று பழையதாகத்தான் கிடைக்கும். பார்த்து வாங்க ஓர் இருட்டறை, ஒரு டார்ச், ஒரு வெர்னியர் காலிப்பர் போதும்.

துருத்தியை முழுக்க நீட்டி, இருட்டில் உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்க்க வேண்டும். மடிப்புகளின் மூலைகளில் ஊசித்துளையாக வெளிச்சம் கசிந்தால் துருத்தி தேய்ந்துவிட்டது. ஒன்றிரண்டு துளைகளை அடைக்கலாம். வரிசையாக இருந்தால் புதுத் துருத்தியின் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நூலிழைகளாகப் படர்ந்த பூஞ்சை தெரியும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சகஜம். ஷ்னைடர் லென்ஸ்களின் உள்விளிம்பில் சிறு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது கறுப்புப் பூச்சு விட்டுப்போனது. படத்தில் அதனால் பெரிய பாதிப்பு இருக்காது. ஷட்டரின் ஒரு விநாடி வேகத்தைக் காதால் கேட்டே சரிபார்க்கலாம். இழுத்துக்கொண்டு ஓடினால் சுத்தம் செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

சொரசொரக் கண்ணாடி நிற்கும் ஆழமும் ஹோல்டரில் ஃபிலிம் நிற்கும் ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். குறுகிய லென்ஸில் இந்த வித்தியாசம் உடனே படத்தில் ஏறிவிடும். சாய்த்து வைத்த ஸ்கேலில் ஓர் எண்ணுக்கு ஃபோகஸ் செய்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ரோல் ஃபிலிம் ஹோல்டரில் படங்களுக்கு இடையே இடைவெளி சீராக விழுகிறதா என்பதை ஒரு பழைய ரோலை ஓட்டியே சோதிக்கலாம்.

கடைசியாக, உத்தேசித்திருக்கும் மிகக் குறுகிய லென்ஸையே கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்க வேண்டும். மட்டம் பார்த்து நிறுத்தி, கடைக்கு வெளியே தெரியும் தூரத்துக் கட்டடத்துக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும். ஃபோகஸ் கிடைத்த பிறகு சட்டங்களின் நான்கு மூலைகளிலும் காலிப்பர் வைத்து இடைவெளி ஒன்றுதானா என்று அளக்க வேண்டும். அப்புறம் லென்ஸை 20 மி.மீ. தூக்கி இறுக்கிவிட்டு, துருத்தி அதைக் கீழே இழுக்கிறதா, கண்ணாடியின் மூலைகளில் வெளிச்சம் இருக்கிறதா, அடியில் படுக்கையோ தண்டோ தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய கேமராவுக்கு எத்தனை வயதானாலும், அதன் துருத்தி எவ்வளவு குறைவாக நீண்டாலும் பேரம் பேசத் தொடங்கலாம்.